ஓநாயா, கரடியா? காட்டில் மோதினால் யார் கை ஓங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கமா புலியா என்ற வாதத்துக்கு அடுத்தபடியாக இணையத்தில் ஓயாமல் ஓடுவது இந்தக் கேள்விதான். எடை, பல் நீளம், நக நீளம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டும் ஒரே காட்டில் வாழ்ந்து, அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைத்தவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போடுவதைவிட அவர்கள் பார்த்ததைக் கேட்பது மேல்.

எந்தக் காட்டை வைத்துப் பேசுகிறோம்?

பெரும்பாலும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை. 1872-இல் தொடங்கப்பட்ட, சுமார் 8,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. அங்கிருந்த ஓநாய்களை 1926-க்குள் ஒன்று விடாமல் சுட்டும் பொறிவைத்தும் தீர்த்துவிட்டார்கள். கரடிகள் மட்டும் தப்பின. அப்புறம் 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டார்கள்.

கிட்டத்தட்ட 70 வருஷம் ஓநாயையே பார்க்காத கரடிகள் ஒரு பக்கம், புதிதாக வந்து இறங்கிய ஓநாய்கள் இன்னொரு பக்கம். இரண்டும் எப்படி நடந்துகொள்ளப் போகின்றன என்பதை முதல் நாளிலிருந்தே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்குள்ள பள்ளத்தாக்குகள் மரமடர்ந்தவை அல்ல, புல்வெளி. தொலைநோக்கியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி நடப்பதையும் பார்க்கலாம். வேறு எந்தக் காட்டிலும் இவ்வளவு வசதி கிடைப்பது கஷ்டம்.

ஒரு ஓநாய், ஒரு கரடி. நேருக்கு நேர் நின்றால்?

கரடிதான். பேச்சுக்கே இடமில்லை.

யெல்லோஸ்டோனில் வளர்ந்த ஆண் ஓநாய் 45 முதல் 59 கிலோ இருக்கும். ஆண் கிரிஸ்லி கரடி 90 கிலோவில் தொடங்கி 320 கிலோ வரை போகும். கிரிஸ்லி என்பது வட அமெரிக்காவின் உட்பகுதிகளில் வாழும் பழுப்புக் கரடி. அதன் தோளுக்கு மேல் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு தெரியும். அது கொழுப்பு இல்லை, தசை. மண்ணைத் தோண்டுவதற்காக வளர்ந்த தசை என்றாலும், அதே தோள்தான் அறைவதற்கும் பயன்படுகிறது.

ஓநாய்க்கு ஆயுதம் வாய் மட்டுமே. கடிக்க வேண்டுமானால் தலையைக் கொண்டுபோய்க் கரடியின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். கரடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஓநாய் அப்படி நின்று சண்டை போடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டென்று திரும்பும், நெடுந்தூரம் ஓடும். வேண்டாம் என்று நினைத்தால் விலகிப் போய்விடும். அதனால் இந்த ‘வெற்றி’ பெரும்பாலும் கரடி நாலடி எடுத்து வைக்க, ஓநாய் நாற்பதடி ஒதுங்குவதோடு முடிந்துவிடும்.

பத்து ஓநாய்கள் கூட்டமாக வந்தால்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பத்து ஓநாய் என்றால் 500 கிலோ ஓநாய், எனவே 300 கிலோ கரடி தோற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓநாய்க் கூட்டம் அப்படி இயங்குவதில்லை.

யெல்லோஸ்டோனில் எல்க் மான் வேட்டையை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. ஓநாய்கள் நாலு வரை சேரும்போது வேட்டை வெற்றி பெறும் வாய்ப்பு கூடுகிறது. நாலுக்கு மேல் எத்தனை சேர்ந்தாலும் அது கூடுவதில்லை. மிச்சமுள்ளவை கூடவே ஓடுகின்றன, அவ்வளவுதான். கடிக்கிற வேலையை முன்னால் போகிறவை பார்த்துக்கொள்ளட்டும் என்று பின்தங்கிவிடுகின்றன. பைசன் என்கிற காட்டெருமை மாதிரி பெரிய, ஆபத்தான இரை என்றால் மட்டும் ஒன்பது முதல் பதின்மூன்று வரை சேரும்வரை பலன் கூடிக்கொண்டே போகிறது. தனியாகச் சமாளிக்க முடியாத விலங்கு என்பதால் அங்கே ஒத்துழைப்பு கூடுகிறது.

ஏன் இப்படித் தயங்குகின்றன? காயத்துக்குப் பயந்துதான். உதை வாங்கித் தாடை உடைந்த ஓநாய்க்கு ஆஸ்பத்திரி கிடையாது. ஓட முடியாத ஓநாய், கடிக்க முடியாத ஓநாய் இரண்டும் பட்டினிதான். மானைக் கொன்றால் கூட்டத்துக்கே சாப்பாடு, அதற்காக உதை வாங்கலாம். வளர்ந்த கரடியைக் கொல்ல முயன்றால் அடி நிச்சயம், சாப்பாடு சந்தேகம். ஆகவே கூட்டம் கரடியைச் சூழ்ந்துகொள்ளும்போது அதைக் கொல்லும் நோக்கம் அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. நச்சரித்து நச்சரித்து இடத்தை விட்டுக் கிளப்புவதுதான் திட்டம்.

2001-இல் ட்ரூயிட் பீக் என்ற கூட்டம் 37 ஓநாய்களோடு இருந்தது. யெல்லோஸ்டோனில் பதிவானதில் அதுதான் பெரியது. வழக்கமான கூட்டம் சுமார் பத்துதான். 37 என்ற எண்ணைச் சொல்லிக் கரடிக்கு நாள் குறிக்கிறவர்கள், அதில் பாதி குட்டியும் இளசுமாக இருந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, பிறகு எதற்குத்தான் மோதிக்கொள்கின்றன?

இரண்டே காரணங்கள்: இறைச்சி, குட்டி. வழியில் தற்செயலாகச் சந்தித்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்துவிட்டுத் தன் வழியில் போகும். பகைக்காகச் சண்டை போடும் வழக்கம் இரண்டுக்குமே கிடையாது.

ஓநாய் கொன்ற இரையைக் கரடி பிடுங்கிக்கொள்ளும் என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விடியற்காலையில் ஓநாய்கள் ஒரு பெண் எல்க்கை வீழ்த்திவிட்டன. அது 220 கிலோவுக்குக் குறையாது. முதலில் வயிற்றைக் கிழித்து ஈரல், இதயம், நுரையீரல் என்று உள்ளுறுப்புகளைத் தின்னத் தொடங்கும். வளர்ந்த ஓநாய் ஒரே மூச்சில் ஒன்பது கிலோ இறைச்சி வரை விழுங்கிவிடும். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு: யாராவது வந்துவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.

முதலில் வருவது அண்டங்காக்கைகள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடும். அப்புறம் கயோட்டி என்கிற குள்ளநரி இனம் ஒன்றிரண்டு தள்ளி நின்று சந்தர்ப்பம் பார்க்கும். கடைசியாகக் காற்றடிக்கும் திசைக்கு எதிராக, மூக்கைத் தூக்கியபடி கிரிஸ்லி வரும். பெரிய ஆண் கரடி என்றால் பதுங்கி வராது. நேராக நடந்து வரும். பந்தியில் இலை போட்டுப் பரிமாறி முடித்த நேரத்தில் வந்து உட்காரும் ஊர்ப்பெரிய மனிதர் மாதிரி.

ஓநாய்கள் உடனே ஓடிவிடாது. எழுந்து சுற்றி நிற்கும். கரடி எல்க்கின் மேல் முன்கால்களை வைத்ததும் ஓர் ஓநாய் பின்னால் வந்து தொடையைக் கவ்விவிட்டு விலகும். கரடி சுழன்று திரும்பும். அதற்குள் அந்தப் பக்கம் இன்னொன்று பின்புறத்தைப் பிடிக்கும். திரும்பித் திரும்பி அலுத்துப்போன கரடி என்ன செய்யும் தெரியுமா? உட்கார்ந்துவிடும். பின்புறம் தரையில் அழுந்திவிட்டால் ஓநாய்க்குக் கடிக்க இடம் இல்லை. முன்பக்கம் வர எந்த ஓநாய்க்கும் தைரியம் இல்லை. இறைச்சியின் மேல் உட்கார்ந்தபடியே தின்றுகொண்டிருக்கும்.

பசி தீர்ந்த பிறகும் விடாது. சுற்றியுள்ள மண்ணையும் புல்லையும் வாரி இரையின் மேல் போட்டு மூடி, அந்த மேட்டின் மேலேயே படுத்துத் தூங்கும். ஓநாய்கள் கொஞ்சம் தள்ளிப் படுத்துக் காத்திருக்கும், இல்லையென்றால் கிளம்பிவிடும். இந்த இழுபறியில் சில சமயம் மணிக்கணக்கில் நேரம் போகும், ஆனால் இருபக்கமும் பெரிய காயம் படுவது அபூர்வம்.

எப்போதும் கரடிதான் ஜெயிக்குமா?

எப்போதும் இல்லை, ஆனால் பெரும்பாலும். இளங்கரடியோ சின்னப் பெண் கரடியோ வந்தால் கூட்டம் துரத்திவிடுவது உண்டு. ஓநாய்கள் எத்தனை, எவ்வளவு பசியில் இருக்கின்றன, கரடி எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் பொறுத்தது.

இரைக்காக நடக்கும் மோதலில் கரடியின் ஆதிக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் பெலிக்கன் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். யெல்லோஸ்டோன் ஏரிக்கு வடக்கே உள்ள பகுதி அது. மார்ச் முதல் அக்டோபர் வரை அங்கே ஓநாய்கள் கொல்லும் கிட்டத்தட்ட ஒவ்வொரு இரையையும் கரடிகள் பிடுங்கிக்கொள்கின்றன என்று பூங்காவின் ஓநாய்த் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்திய டக் ஸ்மித் பதிவு செய்திருக்கிறார். கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும்!

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மோலீஸ் கூட்டம் சாதாரணக் கூட்டமும் அல்ல. பைசனையே வீழ்த்தப் பழகிய ஓநாய்கள். அமெரிக்க வனவிலங்குத் துறைக்குத் தலைவராக இருந்து, ஓநாய்கள் திரும்பி வருவதற்குப் பாடுபட்டு, 1996-இல் மறைந்த மோலி பீட்டியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரு டன் எடைக்கு நெருங்கும் எருமையோடு மல்லுக்கட்டும் ஓநாய்களே கரடி வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குகின்றன என்றால், ‘கூட்டம் சேர்ந்தால் கரடி காலி’ என்ற வாதத்துக்கு அதைவிட வேறு பதில் வேண்டியதில்லை என்பேன்.

இப்படிப் பறிகொடுத்தால் ஓநாய்கள் இன்னும் அதிகமாக வேட்டையாட வேண்டிவருமே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஆய்வாளர்கள் உட்பட. சாப்பாடு பறிபோனால் மறுபடி சமைக்க வேண்டும், நியாயம்தானே.

ஆனால் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. யெல்லோஸ்டோனிலும், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஸ்காண்டிநேவியாவிலும் பல வருஷத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். எமி டாலியன் என்பவர் முதன்மை ஆய்வாளர். இரண்டு கண்டங்களிலும் விடை ஒன்றே: கரடி இருக்கும் இடத்தில் ஓநாய்கள் குறைவாகத்தான் கொல்கின்றன. ஒரு வேட்டைக்கும் அடுத்த வேட்டைக்கும் இடையே நாள் அதிகமாகிறது.

காரணம் ஒன்று என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டு விளக்கங்கள் பொருத்தமாகப் படுகின்றன. ஒன்று, வேட்டை என்பது சும்மா இல்லை. பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியில் முடியும், உதை வாங்கும் அபாயம் வேறு. புதிதாக ஒன்றைத் துரத்துவதைவிடக் கரடி எழுந்து போகும்வரை காத்திருந்து மிச்சத்தைத் தின்பது லாபம் என்று ஓநாய்கள் அங்கேயே தங்கிவிடலாம். இன்னொன்று, கோடைத் தொடக்கத்தில் எல்க், மூஸ் என்கிற பெரிய மான் இவற்றின் கன்றுகளைக் கரடிகளும் வேட்டையாடித் தீர்க்கின்றன. சுலபமான இரை குறைந்துவிட்டால் ஓநாய் அடுத்ததைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகும்.

எப்படியானாலும் ஓநாய்க்கு இது நஷ்டக் கணக்கு. உண்மையான தோல்வி என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ரத்தம் சிந்தாமலேயே கரடி ஓநாயின் வயிற்றில் கைவைத்துவிடுகிறது.

ஓநாய் ஜெயிக்கும் இடமே இல்லையா?

இருக்கிறது: அதன் சொந்த வீட்டு வாசல்.

ஏப்ரல் நடுவாக்கில் ஓநாய்கள் குழிக்குள் குட்டி போடும். சாதாரணமாக நாலு முதல் ஆறு. அந்தக் குழியின் பக்கம் கரடி வந்தால் ஓநாய்களின் நடத்தையே வேறு. இரையின் அருகில் விலகி விலகிக் கடித்த அதே ஓநாய்கள் இங்கே விடாமல் பாயும், நெடுந்தூரம் துரத்தும். பெரும்பாலும் கரடிதான் திரும்பிப் போகும்.

எல்லா முறையும் அப்படி இல்லை. அலாஸ்காவில் இன்று டெனாலி என்று அழைக்கப்படும் காட்டில், 1939 முதல் 1941 வரை அடால்ஃப் முரி என்ற உயிரியலாளர் ஓநாய்க் குழி ஒன்றைத் தொலைவிலிருந்து நாள்கணக்கில் கவனித்தார். அங்கே சிதறிக் கிடந்த இறைச்சித் துண்டுகளின் வாசனை பிடித்து, ஒரு தாய்க் கிரிஸ்லி வளர்ந்த குட்டிகளோடு வந்துவிட்டது. ஓநாய்கள் சூழ்ந்துகொண்டு பின்னாலிருந்து பாய்ந்தன. கரடிகள் திரும்பித் திரும்பி அடிக்கப் பார்த்தன, ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் கிடைத்ததைத் தின்றுவிட்டுத்தான் கரடிக் குடும்பம் இடத்தைக் காலி செய்தது. இதில் யாருக்கு வெற்றி? கரடிக்குத் தீனி கிடைத்தது, ஓநாய்க்குக் குட்டிகள் பிழைத்தன.

கரடிக் குட்டிகளை ஓநாய்கள் கொல்லுமா?

சந்தர்ப்பம் கிடைத்தால் கொல்லும். யெல்லோஸ்டோனில் கிரிஸ்லிக் குட்டிகளுக்கு அப்படி நேர்ந்திருக்கிறது. தாய் ஒரு பக்கம் திரும்பிச் சண்டையிடும்போது இன்னொரு பக்கம் குட்டி தனியாகிவிட்டால் போதும். அதனால் தாய்க்கரடிகள் குட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் நிற்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓநாய் நடமாடும் இரைக்குத் தாய்க்கரடி குட்டியோடு போகத் தயங்குவதற்கு ஓநாய் மட்டும் காரணம் இல்லை. அதே இரைக்கு வரும் ஆண் கரடிகளும் குட்டிகளைக் கொல்லக்கூடியவை. குட்டிக்கு உள்ள ஆபத்துகளின் பட்டியலில் ஓநாய் ஒன்று, அவ்வளவே.

கருங்கரடி என்றால் கதை மாறுமா?

நிறையவே மாறும். அமெரிக்கக் கருங்கரடி கிரிஸ்லியைவிடச் சின்னது. யெல்லோஸ்டோனில் ஆண் 95 முதல் 140 கிலோ, பெண் 60 முதல் 90. ஆனால் அளவைவிட முக்கியமானது சுபாவம். கருங்கரடி காட்டுக்குள் வளர்ந்த இனம். ஆபத்து வந்தால் அதன் முதல் யோசனை மரம் ஏறுவது. நகம் குட்டையாக, வளைந்து, மரப்பட்டையைப் பிடிக்கத் தோதாக இருக்கும். கிரிஸ்லிக்கு நகம் நீளம், தோண்டுவதற்கானது. வளர்ந்த கிரிஸ்லிக்கு மரம் ஏறுவது லேசில் வராது. மரமில்லாத வெளியில் ஓடி ஒளிய இடம் இல்லாததால், நின்று எதிர்ப்பது அதன் சுபாவமாகிவிட்டது என்று விளக்குகிறார்கள்.

எனவே ஓநாய்க் கூட்டத்தின் முன் கருங்கரடி பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். மரத்துக்கு எட்டாத தூரத்தில் மாட்டிக்கொண்டால் ஆபத்துதான். மினசோட்டாவின் வடகிழக்குக் காடுகளைப் பற்றி 1981-இல் வெளியான ஆய்வொன்றில், குளிர்கால உறக்கத்துக்குப் படுத்திருந்த ஒரு பெண் கருங்கரடியை ஓநாய்க் கூட்டம் தாக்கிக் கொன்ற நிகழ்வு பதிவாகியிருக்கிறது. அதற்கு அப்போதுதான் பிறந்த குட்டிகளும் இருந்தன.

அப்படியானால் குளிர்காலம் முழுக்க ஓநாய்களின் ராஜ்யமா?

ஆமாம், ஓநாய்க்கு நிம்மதியான காலம் அது. நவம்பர் வாக்கில் கிரிஸ்லிகள் குழிக்குள் போய்விடும். ஆண் கரடிகள் மார்ச் நடுவிலும், குட்டியோடு இருக்கும் தாய்கள் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கத்துக்குள்ளும் வெளியே வரும். அதுவரை கொன்ற இறைச்சி கொன்றவர்களுக்கே. ஆழமான பனியில் எல்க்கும் களைத்துப்போயிருக்கும்.

வசந்தத்தில் கரடி எழுந்து வரும்போது பல மாதப் பட்டினி. ஓநாய்க்கோ குழியில் குட்டிகள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க முடியாத நிலை. மோதல்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

கடி விசை யாருக்கு அதிகம்?

அந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். இணையத்தில் உலவும் பல கணக்குகள் வெவ்வேறு முறையில், வெவ்வேறு விலங்கில், சில நேரம் மண்டை ஓட்டை வைத்து மதிப்பிட்டவை. ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே லாயக்கில்லை. இரண்டுக்கும் பல் 42 என்பது மட்டும் உறுதி.

ஓநாயும் கரடியும் நண்பர்களாகச் சுற்றிய படங்கள் உண்மையா?

உண்மைதான். பின்லாந்தில் லாஸி ரவுத்தியாய்னன் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தவை. ஒரு பெண் ஓநாயும் ஓர் ஆண் பழுப்புக் கரடியும் பத்து நாள் போல மாலை வேளைகளில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே இரையைத் தின்றன. 2013-இல் உலகம் முழுக்கப் பரவிய படங்கள்.

அதை நட்பு என்பதா என்பது பார்க்கிறவர் மனசைப் பொறுத்தது. தனியாக அலையும் ஓநாய்க்குக் கூட்டம் இல்லை. கரடியோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. வயிறு நிறைந்த கரடிக்கு ஓர் ஓநாயைத் துரத்திக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். இருவருக்கும் போதுமான இறைச்சி இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தின்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். படங்கள் அழகு, அதில் மறுப்பில்லை.

பனிக்கரடியோடு?

பனிக்கரடி பெரும்பாலும் கடல் பனியில், ஓநாய் நிலத்தில். சந்திப்பதே குறைவு. கனடாவின் மனிடோபா மாகாணத்தின் வடக்கே, பனிக்கரடிக் குட்டியை ஓநாய்கள் கொன்றது 1980-களில் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் குறி குட்டிதான்.

நம் நாட்டுக் கரடியும் ஓநாயும் மோதினால்?

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் நாம் பார்க்கும் கரடி வேறு இனம். ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சித் தின்பதற்கு அது வசதி. கறையான், எறும்பு, தேன், பழம் இவைதான் அதன் முக்கியத் தீனி. இந்திய ஓநாயோ 17 முதல் 25 கிலோ. சின்னக் கூட்டமாகத் தக்காணத்துப் புல்வெளிகளில் வாழ்வது. ஆடு, வெளிமான், முயல் என்று அதன் உணவே வேறு.

ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்றுக்கு அக்கறை இல்லாதபோது மோத வேண்டிய காரணமும் இல்லை. ஒருவேளை மோதினால், புலியையே எதிர்த்து நிற்கும் நம்மூர்க் கரடியிடம் 20 கிலோ ஓநாய் என்ன செய்துவிட முடியும்? லடாக் போன்ற இமயமலைப் பகுதிகளில் பழுப்புக் கரடியும் ஓநாயும் ஒரே மலையில் உண்டு. யெல்லோஸ்டோன் கதைக்கு இந்தியாவில் கொஞ்சம் ஒத்துப்போகும் இடம் அதுதான்.

இரண்டையும் அடக்கும் விலங்கு உண்டா?

ரஷ்யத் தூரக் கிழக்கில் புலி. பழுப்புக் கரடியையும் கொன்று தின்னும். புலி அதிகம் உள்ள காட்டில் ஓநாய்கள் அருகிவிடும்.

யெல்லோஸ்டோனில் ஓநாய்கள் அதிகம் சாவது கரடியாலா?

இல்லவே இல்லை. பூங்காவுக்குள் ஓநாயை அதிகம் கொல்வது ஓநாய்தான். எல்லைத் தகராறில் பக்கத்துக் கூட்டத்தோடு நடக்கும் சண்டைகளில்தான் உயிர் போகிறது. பூங்காவின் எல்லையைத் தாண்டினால் மனிதன். கரடியிடம் ஒதுங்கிப் போகத் தெரிந்த ஓநாய்க்கு இன்னோர் ஓநாயிடம் ஒதுங்கத் தெரிவதில்லை. சொந்த எல்லை என்று வந்துவிட்டால் அங்கே தயக்கம் எல்லாம் போய்விடும்.

ஓநாய் திரும்பி வந்தது கரடிக்கு லாபமா?

இறைச்சி விஷயத்தில் லாபம் என்றுதான் தோன்றுகிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் செத்த எல்க், பைசன் உடல்கள் வசந்தத்தில் மொத்தமாகக் கிடைக்கும். அது தீர்ந்தால் போச்சு. இப்போது ஓநாய்கள் புண்ணியத்தில் வருஷம் முழுக்க ஆங்காங்கே கிடைக்கிறது. இலையுதிர் காலத்தில் குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுக்க வேண்டியிருக்கும்போது, ஒரு எல்க் உடல் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கரடிகள் பெருகியதே ஓநாயால்தான் என்று சிலர் எழுதுவது மிகை. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 1975-இல் கிரிஸ்லிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபோது சுமார் 136 இருந்தன என்று கணக்கு. இன்று ஆயிரத்தை ஒட்டி. சுடுவது நின்றதும், குப்பையைக் கரடிக்கு எட்டாமல் வைக்கப் பழகியதும்தான் பெரிய காரணங்கள். கிரிஸ்லி ஓநாயை நம்பி வாழும் விலங்கும் அல்ல. கோடையில் உயர்ந்த மலைச்சரிவுகளில் பாறைகளைப் புரட்டி அந்துப்பூச்சிகளைத் தின்னும். ஒரே நாளில் 40,000 பூச்சிகள் வரை போகும் என்கிறார்கள். ஒரு எல்க்கைப் பிடுங்கத் தெரிந்த விலங்கு பூச்சி பொறுக்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

யெல்லோஸ்டோனின் வடகிழக்கில் லமார் பள்ளத்தாக்கு. அங்கே போகும் சாலை வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் விடியும் முன்பே போய்விடுவது நல்லது. சாலையோரம் முக்காலியில் பெரிய தொலைநோக்கி வைத்து நாலைந்து பேர் நிற்பதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் எட்டிப் பார்க்க விடுவார்கள். நடுப்பகுதியில் உள்ள ஹேடன் பள்ளத்தாக்கும் நல்ல இடம். கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டருக்குள் நெருங்குவது அங்கே சட்டப்படி குற்றம். நடந்து போவதானால் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பைக்குள் வைக்காமல் இடுப்பில் கைக்கெட்டும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

பெலிக்கன் பள்ளத்தாக்குக்கு நடந்துதான் போக முடியும். கரடிகளுக்காக அதை ஏப்ரல் 1 முதல் ஜூலை 3 வரை மூடிவைக்கிறார்கள். ஜூலை 4-க்குப் பிறகு காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டும் அனுமதி. தேதிகள் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், குறைந்தது நாலு பேராவது சேர்ந்து, பேசிக்கொண்டே நடங்கள்.